ஆடாதே கண்ணு, மிதி!

கண்ணு, நீ போன்ல அனுப்புன படத்தை அம்மாயியும் நானும் பாத்தோம். ஜப்பான்ல டான்ஸ் போட்டி, சீமை சீமையா வந்து ஆடறாங்கன்னு எழுதியிருந்தே. அம்மாயி கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, "எப்பங்க ஆட ஆரம்பிப்பாங்க?"ன்னு கேட்டா. படம் முடிஞ்சே போச்சு. ஒருத்தன் கோப்பையத் தூக்கிக் காட்டிட்டு எறங்கிப் போயிட்டான். அவ இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறா.

அடுத்த போட்டிக்கு நீயும் பேர் குடுக்கப் போறேன்னு சொல்றே. தாராளமாக் குடு சாமி. கலிபோர்னியாவுல டாலர்ல சம்பளம் வாங்கறவன், பொழுதோட போயி பொட்டி மேல ஏறி மிதிச்சா ஆரு கேக்கப் போறாங்க? ஆனா போறதுக்கு முன்னால அப்புச்சி சொல்ற புத்தியச் சித்தெ காதுல வாங்கிக்க. நான் அந்த டான்ஸ் மெசினைத் தொட்டது கெடையாது. அதனால என்ன? தொடாததப் பத்திப் புத்தி சொல்றதுதானே பெரியவங்க சோலி. உன்ற மாமனைப் புடிச்சு அக்கு வேற ஆணி வேறயாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசறேன்.

எடுத்த எடுப்புல சொல்லிடறேன்: மேடையேறி ஆடிக்கீடி வச்சறாதே. ஆடினே, தோத்தே.

இந்த மெசினை 1998-ல கொனாமிங்கற ஜப்பான் கம்பெனி கொண்டாந்துச்சு. டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், சுருக்கமா டிடிஆர். பேருல ரெண்டு டான்ஸ் இருக்குது, மேடையில ஒண்ணுகூட இல்லை. காலுக்குக் கீழ முன்ன, பின்ன, எடது, வலதுன்னு நாலு அம்பு. திரையில அடியில இருந்து அம்பு ஏறி வரும். மேல வரிசை கட்டி நிக்கற அம்போட அது வந்து ஒட்டற நேரத்துல, கீழ இருக்கற அதே அம்பை மிதிக்கணும். ஆட்டமே அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால ஒரு கம்பி வச்சிருக்கறாங்க. ஆரும் உளுந்துறக் கூடாதுன்னு வச்சதாக்கும்னு நெனைச்சேன். படத்துல பாத்தா அல்லாரும் கையப் பின்னால போட்டு அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, ஒடம்பைப் பின்னால சாய்ச்சு, காலேஜ் விடற நேரத்து கோபி டவுன் பஸ்ஸுல தொங்கறவன் கணக்கா நிக்கறாங்க. இடுப்புக்கு மேல அசைவே இல்லை. முழங்காலுக்குக் கீழ மட்டும் அதிருது.

தப்பு அவங்க மேல இல்லை கண்ணு. மெசினுக்குக் கண்ணு கெடையாது. ஒவ்வொரு அம்புப் பலகைக்கும் அடியில, நாலு ஓரத்துலயும் அழுத்தம் தெரியற பட்டை ஒண்ணொண்ணு வச்சிருக்கறாங்க. பாரம் எப்ப விழுந்துச்சு, எப்ப எந்திரிச்சுது. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீ இடுப்பை ஒடிச்சியா, கண்ணுல பாவம் காட்டினியா, இல்லை பல்லைக் கடிச்சுக்கிட்டு மொறச்சியா, எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். கம்பியப் புடிச்சா ஒடம்புப் பாரத்துல ஒரு பங்கு கைக்குப் போயிரும், காலு லேசாயிரும், பலகைக்கு மேல ஒரு வெரக்கடை தூக்குனாப் போதும். அதுக்கு மேல தூக்கறது வீண் செலவு. உன்ற வூட்ல கரண்டு பில்லப் பாத்துட்டு நீ லைட்டு அணைக்கற மாதிரி, மெச்ச வேண்டிய புத்திதான், நான் கொறை சொல்லலை.

நெசமாவே ஆடினவங்களும் ஒரு காலத்துல இருந்தாங்களாமே! மெசினு வந்த புதுசுல, அமெரிக்காவுல நடந்த போட்டிகள்ல இதுக்குன்னே தனிப்பிரிவு வச்சாங்களாம். ஃப்ரீஸ்டைல்னு பேரு. பாட்டையும் அம்பையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பாத்து ஆடுவாங்க. சுத்துவாங்க, மண்டி போடுவாங்க, குனிஞ்சு உள்ளங்கையால அம்பைத் தட்டுவாங்க. எதிர்ல உக்காந்த மனுசங்க மார்க்குப் போடுவாங்க. கேக்கவே நெஞ்சு குளுந்து போச்சு போ. அந்தக் காலத்துலயே இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம், "ஆட்டம் கெடக்குது, நம்பரைப் பாரு"ன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கம்பி புடிக்கறது கள்ளாட்டமா, நல்லாட்டமான்னு வருசக்கணக்கா வாக்குவாதம் நடந்துச்சாம். கடைசியில கம்பிதான் ஜெயிச்சுது. கொனாமி 2011-ல தொடங்குன கொனாமி ஆர்க்கேட் சாம்பியன்ஷிப்புல மெசினு காட்டற நம்பரு மட்டும்தான் கணக்கு. மார்க்குப் போட ஆளு வேண்டாம், அவங்களுக்குக் காப்பி வாங்கித் தர வேண்டாம், "மச்சான் பையனுக்கு எச்சாப் போட்டுட்டான்"ங்கற பேச்சும் வேண்டாம். நம்மூர்ல இப்படி ஒரு மெசினு இருந்திருந்தா எத்தனை நோம்பி சண்டையில்லாம முடிஞ்சிருக்கும்னு நெனைச்சுப் பாக்கறேன்.

அந்த நம்பரு சங்கதி இருக்குதே, அதுதான் என்னைத் தூங்க வுடலை. மிதிக்கு மிதி மெசினு தீர்ப்புச் சொல்லுது. மார்வலஸ், அதுக்குக் கீழ பெர்ஃபெக்ட், அப்புறம் கிரேட், குட், மிஸ். முழுசா வாங்கினா பத்து லட்சம். மார்வலஸ் வேணும்னா, ஒரு நொடிய அறுபதாக் கூறு போட்டு, அதுல ஒரு கூறு முன்ன பின்ன போகலாம். அதுக்கு மேல வழுக்குனா பெர்ஃபெக்ட்டுதான், பத்துப் பாயிண்டு போச்சு. ஒரே ஒரு மிதி அப்படி வழுக்குனவன் 9,99,990 வாங்கிட்டு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறான். உன்ற அப்பன் கணக்குல நாப்பத்திரெண்டு வாங்கிட்டு மீசைய முறுக்கிக்கிட்டு வந்தது எனக்கு நெனப்பு வந்துச்சு. அவனுக்கு இந்தப் படத்தைக் காட்டிறாதே, பாவம்.

வேகமும் லேசுப்பட்டதில்லை. மொதல் மெசினுல பாரனோயான்னு ஒரு பாட்டு, நிமிசத்துக்கு 180 தாளம். அதைப் போட்ட நவோகி மாயேடா, அந்தப் பாட்டுக்கு 180-ங்கறதையே தன்ற பேரா வச்சுக்கிட்டார். 2001-ல அவரே மேக்ஸ் 300-ன்னு இன்னொண்ணு போட்டார். பேருலயே இருக்குது பாரு, நிமிசத்துக்கு 300. தாளத்துக்கு ரெண்டு மிதின்னு வர்ற எடத்துல நொடிக்குப் பத்து மிதி. அதுவரைக்கும் எத்தனை கஷ்டமான பாட்டுன்னாலும் ஒன்பதுக்கு மேல போகாத அளவுகோலு, இதுக்காகப் பத்தாச்சு. 2008-ல பத்தும் பத்தாம இருபது வரைக்கும் நீட்டிட்டாங்க. மனுசன் காலு அப்படியேதான் இருக்குது.

இதுல ஒரு சூட்சுமம் மாமன் சொன்னான், எனக்கு நெம்பப் புடிச்சுது. கஷ்டமான பாட்டு வந்தா கத்துக்குட்டி அம்பு மெதுவா வரட்டும்னு வச்சுக்குவான். அம்பெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, எது எப்ப வருதுன்னே தெரியாம முழிப்பான். கைதேர்ந்தவன் அம்பு வர்ற வேகத்தை எச்சாக்கிக்குவான். பாட்டு அதே வேகம்தான். அம்புக்கும் அம்புக்கும் நடுவுல எடைவெளி விழுந்துரும், படிக்கச் சுளுவாயிரும். நீ வைக்கறதே மெதுவாத்தான் வைக்கறேன்னு கேள்விப்பட்டேன். கண்ணு கட்டுனா நான் என்ன பண்றது?

போட்டிக்குப் போற வழிய உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் விளையாட்டுக் கடையில மார்க்குப் பதியற அட்டைய மெசினுல வச்சு, அவங்க குறிச்ச பாட்டுகளை மிதிச்சு மிதிச்சு மார்க்கு ஏத்தணும். முன்னால நிக்கற கொஞ்சப் பேரைத்தான் இறுதிச்சுற்றுக்குக் கூப்பிடுவாங்க. பல வருசம் அது டோக்கியோவுக்குப் பக்கத்துல சிபா மாவட்டம், மகுஹாரி மெஸ்ஸேங்கற பெரிய பொருட்காட்சிக் கொட்டகையில, ஜப்பான் அம்யூஸ்மென்ட் எக்ஸ்போவோட சேத்தி நடந்துச்சு. மோதற ரெண்டு பேரும் ஒரே மெசினு மேல பக்கத்துல பக்கத்துல நின்னு மிதிப்பாங்க. ரொம்ப நாள் ஆசியாக்காரங்க ராச்சியமா இருந்துது. 2016-ல டிடிஆர் ஏங்கற பதிப்பு அமெரிக்காவுல நீ போற ரவுண்ட் ஒன் கடைகளுக்கும் இணையத் தொடர்போட வந்து சேந்துச்சு. அதுக்கப்புறம் அமெரிக்கக் காலுக்கும் வாசல் தொறந்துச்சு.

அந்த அமெரிக்கக் காலுல ஒண்ணு கிறிஸ் சைக்கியோடது. இந்த ஆட்டத்துல உலகத்துலயே முன்வரிசை ஆளு. அதுக்கு முன்னால 2008-ல கிதார் ஹீரோங்கற விளையாட்டுல கின்னஸ் புத்தகத்துல பேர் வாங்குனவரு. நரம்பே இல்லாத பிளாஸ்டிக் கிதாரைப் பொத்தானை அமுக்கி வாசிச்சு ஒரு கியாதி, ஆடாம நின்னு டான்ஸுல ஒரு கியாதி! அம்மாயி கேட்டா, "இந்தப் புள்ளை சோறு திங்கறதாவது நெசமாத் திங்குதா?" எகத்தாளம் புடிச்சவ, அவ பேச்சை வுடு. நான் அவரை மனசாரக் கும்புடறேன். விரலுக்குப் பழக்குன கணக்கைக் காலுக்கு எறக்கி வச்சவன் சாதாரண ஆளு இல்லை.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன். ஆட்டமோ ஆட்டமில்லையோ, வேர்வை நெசம். 2006-ல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்துல புள்ளைங்க குண்டாகிப் போச்சுன்னு கவலைப்பட்டு, 765 அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் இந்த ஆட்டத்தைக் கொண்டாறதா அறிவிச்சாங்க. ஹங்கேரிக்காரர் ஒருத்தர், விதியில சொன்ன எடைவேளைய மட்டும் எடுத்துக்கிட்டு, 144 மணி நேரம் இதையே ஆடிக் கின்னஸ்ல ஏறிட்டார். ஆறு நாள் கண்ணு! ஆறு நாள் காட்டுல நின்னு களை எடுக்கச் சொன்னா உன்ற மாமன் எந்த ஆசுபத்திரியில போயிப் படுப்பான்னு உனக்கே தெரியும்.

ஆகையினால கேட்டுக்க. அடி தேஞ்சு மெல்லிசான செருப்பா, அதாவது ஷூவாப் பாத்துப் போடு. தடி ஷூ போட்டா பலகை தெரியாது. கம்பி வேர்வையில வழுக்கும், கையுறை வாங்கிக்க. வேட்டி ஆகாது, சொல்லாட்டியும் நீ கட்டறவன் இல்லை. வூட்ல பழகறேன்னு மாடியில பாயை விரிச்சுக் குதிக்காதே, கீழ்வீட்டுக்காரன் நல்லவனா இருந்தாலும் எத்தனை நாளைக்குப் பொறுப்பான்? மிதிச்சதும் மார்வலஸ் வரலையேன்னு மெசினை ஒதைக்காதே. பட்டை கெட்டுப் போன பலகையாவும் இருக்கும், கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டு. கூட்டம் கை தட்டுதேன்னு இடுப்பைக் கிடுப்பை அசைச்சே, பத்துப் பாயிண்டு போயிரும். பொண்ணு பாக்கற எடத்துல கேட்டா "டான்ஸுல உலகப் போட்டிக்குப் போறேன்"னு சொல்லிக்க, பொய்யில்லை. ஆடிக் காட்டச் சொன்னா மட்டும் கம்பி இல்லைன்னு சொல்லித் தப்பிச்சுக்க.

தோத்துட்டு வந்தாலும் ஊர்ப்பக்கம் வராம இருந்தறாதே. பங்குனியில நம்ம கோயில் நோம்பிக்கு வள்ளி கும்மி பழக்கிட்டு இருக்கறாங்க. கடைசி வரிசையில உனக்கு ஒரு எடம் சொல்லி வச்சிருக்கறேன். அங்க ரெண்டு கையும் தட்டணும், புடிக்கறதுக்குக் கம்பி கெடையாது. வேட்டி நான் தர்றேன், லீவு மட்டும் நீ இப்பவே சொல்லி வச்சிரு.