பணம் வெளியிலிருந்து, கேள்வி உள்ளிருந்து

கே: ஒரு நாட்டு நாடாளுமன்றத்துக்கு இன்னொரு நாடு பணம் கொடுப்பதா? அடுக்குமா?

ப: நாட்டைப் பொறுத்தது. ஃபிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 டிசம்பரில் ராணுவத் தளபதி பைனிமராமா ஆட்சியைக் கவிழ்த்தார். அதன்பின் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அங்கே நாடாளுமன்றமே கிடையாது. 2014 செப்டம்பரில் தேர்தல். அக்டோபரில் 50 பேர் சபையில் வந்து உட்கார்ந்தார்கள். அரசியல் சட்டம் புதிது, சபை விதிகள் புதிது, குழுக்கள் புதிது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் துணைக்கு வந்தது. பணம் ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகியவற்றுடையது. இப்படி ஒரு நிலையில் உதவி வாங்கியதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

கே: காசு கொடுத்தவன் சொல்கிறபடிதானே சபை ஆடும்?

ப: காசு எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். குழுச் செயலருக்குப் பயிற்சி, உறுப்பினருக்கு ஆய்வுக் குறிப்பு என்றால் சரி. மசோதாவின் வாசகத்தில் கை வைத்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

கே: உருப்படியாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

ப: பட்ஜெட் குறிப்பு. நிதியமைச்சர் பட்ஜெட்டை வைத்துவிட்டுப் போவார். அத்தனை பக்கங்களையும் சில நாட்களில் படித்து விவாதத்துக்கு எழ வேண்டும். அமைச்சருக்கு ஒரு துறையே துணை. பின்வரிசை உறுப்பினருக்கு யார் இருக்கிறார்கள்? 2016 முதல் மற்ற நாடாளுமன்றங்களின் ஆய்வாளர்கள் பட்ஜெட் நேரத்தில் ஃபிஜி சபை ஊழியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். எந்தத் துறைக்கு எவ்வளவு, போன ஆண்டைவிடக் கூடவா குறைவா என்று சுருக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே தாள். பசிபிக்கின் சின்னச் சபைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிபுணர் படை வைத்துக்கொள்ள முடியாது. ஆளை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்வது, இந்த உதவித் திட்டங்களில் நான் பார்த்த மிக நல்ல யோசனை.

கே: அப்படியானால் சபை வலுவாகிவிட்டது!

ப: அவசரப்படாதீர்கள். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர் என்று விதி இருந்தது. பொருளாதாரப் பேராசிரியர் பிமன் பிரசாத் அந்த இடத்தில் இருந்தார். 2016-இல் ஆளுங்கட்சி தன் பெரும்பான்மையை வைத்து விதியைத் திருத்தியது. அவர் பதவி போயிற்று. மனு விவகாரம் இதைவிட மோசம். பொதுமக்கள் தரும் மனு குழுவுக்குப் போக வேண்டுமானால் 40 சதவீத உறுப்பினர்கள், அதாவது 20 பேர், ஆதரிக்க வேண்டும் என்றாக்கினார்கள். அப்போது எதிர்க்கட்சிகள் இரண்டையும் சேர்த்தால் 18 பேர்! ஆளுங்கட்சி மனம் வைக்காமல் ஒரு மனுவும் நகராது என்றாயிற்று. சபாநாயகர் ஜிகோ லுவேனியைக் கட்சிக் கூட்டமொன்றில் இழிவாகப் பேசியதற்காக நைங்கமா லலபலாவுவை 2015-இல் இரண்டு ஆண்டுகள் சபையிலிருந்து நீக்கிவைத்தார்கள். பேச்சு தப்புதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் என்பது அவருக்கு வாக்களித்தவர்களுக்குக் கொடுத்த தண்டனை. அதே மனிதர் 2022-இல் சபாநாயகர் ஆனார், 2024-இல் குடியரசுத் தலைவரும் ஆனார்.

கே: அப்போதே உதவியை நிறுத்தியிருக்க வேண்டாமா?

ப: கூடாது. நிறுத்தினால் நஷ்டம் எதிர்க்கட்சிக்குத்தான். ஆளுங்கட்சிக்குக் குறிப்பு எழுதித் தர அரசாங்கமே இருக்கிறது. ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லி அறிக்கையை முடித்துக்கொள்ளக் கூடாது. எதிர்க்கட்சியால் எத்தனை மனுக்களைக் குழுவுக்கு அனுப்ப முடிந்தது என்பதையும் அதே அறிக்கையில் எழுத வேண்டும்.

கே: ஃபிஜித் தமிழருக்கு இதில் என்ன?

ப: நிறைய. 1903 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தென்னிந்தியர்களின் வாரிசுகள் அவர்கள். 1987-இல் ராணுவ அதிகாரி ரம்புகா ராணுவப் புரட்சி செய்தபோது இந்திய வம்சாவளியினர் கண்டது பயம். 2000-இல் இந்திய வம்சாவளிப் பிரதமர் மகேந்திர சௌத்ரியை நாடாளுமன்றத்துக்குள்ளேயே 56 நாட்கள் பணயக் கைதியாக வைத்திருந்தது ஒரு ஆயுதக் கும்பல். சபை பலமாக இருப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 2022 டிசம்பரில் அதே ரம்புகா 28-க்கு 27 என்று சபையில் வாக்குப் பெற்றுப் பிரதமரானார்.

கே: ஒரு வாக்கில் ஆட்சியா!

ப: ஆம், சபைக்குள்ளே எண்ணி.

கே: அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை 2025-இல் இழுத்து மூடினார்களே, இனி இதெல்லாம்?

ப: வெளிநாட்டுப் பணம் ஒரே உத்தரவில் நிற்கும் என்பதை உலகமே பார்த்தது. எனவே ஃபிஜி போன்ற சபைகள் முதலில் பட்ஜெட் ஆய்வாளர், குழுச் செயலர் ஆகியோரின் சம்பளத்தைத் தங்கள் சொந்த ஒதுக்கீட்டில் ஏற்றிக்கொள்ளட்டும். கட்டடம், கணினி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் பிறகு.