சோளக்காட்டுப் பிள்ளைகள்

கே: 'சில்ட்ரன் ஆஃப் த கார்ன்' இரண்டாம் பாகம், முதல் பாகம் பார்க்காதவர்களுக்குப் புரியுமா?

ப: தாராளமாக. நெப்ராஸ்காவில் ஓர் ஊர்ப் பிள்ளைகள் பெற்றவர்களையே கொன்றுவிட்டு, சோளக்காட்டுச் சாமியைக் கும்பிடுகிறார்கள். ஸ்டீபன் கிங்கின் 1977 சிறுகதை. 1984இல் முதல் படம். 1993இல் வெளிவந்த இரண்டாவதில், பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கேயும் சாவு ஆரம்பிக்கிறது.

கே: கொலைகாரப் பிள்ளைகளுக்கு யாராவது சோறு போடுவார்களா?

ப: அநாதையாக நிற்கும் பிள்ளைக்குப் போடாமல் இருப்பார்களா? எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

கே: செலவே செய்யாமல் எடுத்தது பளிச்சென்று தெரிகிறதே?

ப: செலவு 10 லட்சம் டாலருக்குள். ஆனால், ஆளை மறைக்கும் சோளப்பயிரைவிட நல்ல செட்டை எந்தப் பணத்தாலும் போட முடியாது. தோகை அசைந்தால் போதும், காற்றா பிள்ளையா என்று வயிறு கலங்கும். ஒரு பையன்மேல் சாமி இறங்குவதை கிராஃபிக்ஸில் காட்டும்போதுதான் பயம் போய்விடுகிறது. காட்டாமலே விட்டிருக்கலாம்.

கே: கொலைக்குக் காரணம் சாமியா, பூஞ்சையா?

ப: நல்ல கேள்வி. பூஞ்சை பிடித்த பழைய சோளத்தைப் புதிய விளைச்சலோடு சேர்த்து விற்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள்; அந்த நஞ்சுதான் காரணமோ என்று படம் கேட்கிறது. நிஜத்தில் ஈரச் சோளத்தில் பிடிக்கும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், கொலைவெறி தராது. போகட்டும். பிள்ளைகளைப் பேயாகக் காட்டும் கதையில் பெரியவர்களின் பேராசையைக் கொண்டுவந்து வைத்தார்களே, அது பெரிய யோசனை! அதைப் பாதியில் போட்டுவிட்டுத் துரத்தலுக்கு ஓடிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கே: தலைப்பில் 'கடைசிப் பலி' என்று இருக்கிறது. அப்புறமும் ஏன் இத்தனை பாகங்கள்?

ப: வசூல் ஏறக்குறைய 70 லட்சம் டாலர். வேறு காரணம் வேண்டுமா? 1995, 1996, 1998 என்று வந்துகொண்டே இருந்தன. 1996 படத்தின் நாயகி நவோமி வாட்ஸ்.

கே: என் மகனுக்கு வயது பத்து. கூடவே பார்க்கலாமா?

ப: கூடாது.

கே: இதே வகையில் உருப்படியான படம்?

ப: ஸ்பெயினில் 1976இல் நார்சிஸோ இபான்யெஸ் செர்ராடோர் எடுத்த 'ஹூ கேன் கில் எ சைல்ட்?'. பெரியவர்கள் நடத்திய போர்களில் செத்த குழந்தைகளின் நிஜப் படச்சுருள்களோடு ஆரம்பிக்கிறது. அப்புறம் ஒரு தீவு, வெயில், சிரிக்கும் பிள்ளைகள். சோளப்படம் பாதியில் விட்ட கேள்வியை இந்தப் படம் கடைசிவரை விடவில்லை. தனியாகப் பார்க்காதீர்கள்.