தவளை பிடிக்கிற பிரசங்கம்

பாஸ்டர் தம்பி, கோவிச்சுக்காதீங்க. போன ஞாயித்துக்கிழமை நீங்க பண்ணுன பிரசங்கம் பிரமாதம். சத்தம் அரியூர் நாடு வரைக்கும் கேட்டுச்சுங்கிறாங்க. நம்ம சபையில மொத்தமே நாப்பது பேரு. அதுக்கு ஆள் உசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி. பக்கத்துத் தோட்டத்துல ஏணி போட்டு மிளகு பறிச்சுக்கிட்டு இருந்தவன் இறங்கி ஓடியாந்து, "யாருக்குங்க என்ன ஆச்சு?"ன்னு எங்கிட்ட கேட்டான். ஒண்ணும் ஆகலைடா, ஆசீர்வாதம் வருதாம்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

கிழவன் பேச்சு கின்னரக்காரனுக்கு ஏறாதும்பாங்க. நீங்க கின்னரம் வாசிக்கலை, கீபோர்டுதான் வாசிக்கறீங்க. அதனால ஏறுனாலும் ஏறும்னு ஒரு நப்பாசை.

எரேமியா இருபத்தொம்பதாம் அதிகாரம், பதினொண்ணாம் வசனம். அதை வாசிச்சீங்க. அழகா வாசிச்சீங்க. வாசிச்சு முடிச்சதும் வேதத்தை மூடி, மேல செல்போனை வச்சீங்க. அதுக்கப்புறம் அம்பது நிமிஷம் அந்தப் புஸ்தகம் தொறக்கவே இல்லை. பைபிள் காலேஜுல நீங்க பட்டினியா ஜெபிச்ச கதை வந்துச்சு. யாரோ கவர்ல பணம் போட்டுட்டுப் போன கதை வந்துச்சு. விமானத்துல சன்னலோரம் சீட்டு கிடைச்ச கதை வந்துச்சு. சொப்பனம் மட்டும் ரெண்டு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. என்னன்னா, அன்னிக்கு உங்களைப் பத்தி நாங்க நெறையத் தெரிஞ்சுக்கிட்டோம். எரேமியா யாருன்னுதான் கடைசி வரைக்கும் தெரியலை.

நடுவுல, "தேவன் உங்களை அடுத்த சீசனுக்குக் கொண்டு போறார், ஒரு பிரேக்த்ரூ வருது"ன்னு கையை வீசுனீங்க. பின் பெஞ்சுல இருந்த கிழவி எங்கிட்ட, "அன்னாசி சீசனா, பலா சீசனா?"ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டும்தான்னுட்டேன். எதுக்கு இந்த இங்கிலீசு? 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்குன மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பசங்களோட மணல்ல உக்காந்து ஆனா ஆவன்னா எழுதிக் கத்துக்கிட்டார். 1715க்குள்ள புதிய ஏற்பாட்டையே தமிழ்ல அச்சடிச்சுக் குடுத்துட்டார். ஜெர்மன்காரர் அவ்வளவு பாடுபட்டுத் தமிழுக்கு வந்தாரு. நீங்க ராசிபுரத்துல பொறந்துட்டு இங்கிலீசுக்கு இவ்வளவு பாடுபடறீங்க. சரி, அதை விடுங்க.

இப்பப் பத்தாம் வசனத்துக்கு வர்றேன். பதினொண்ணுக்கு ஒரு வரி மேலதான் இருக்கு; கண்ணு தானாவே பட்டிருக்கணும். அங்க எழுபது வருஷம்னு போட்டிருக்கு. பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன சனத்துக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதி அனுப்புன கடுதாசி அது. எழுபது வருஷம் கழிச்சுத்தான் ஊர் திரும்புவீங்கன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் நீங்க வாசிச்ச அந்த நல்ல வார்த்தையைச் சொல்றார். கடுதாசியைக் கையில வாங்குன நாப்பது வயசுக்காரன் எந்தக் கணக்குலயும் வீடு வந்து சேரமாட்டான். பேரன் வேணா வருவான். காரவள்ளியில இருந்து எழுபது வளைவு ஏறி, பாதி வழியில பஸ்ஸை நிப்பாட்டி வாந்தி எடுத்துட்டுக் கொல்லிமலைக்கு வந்தவரு நீங்க. எழுபதுன்னா என்னன்னு உங்களுக்கா சொல்லணும்?

இன்னொண்ணு. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தர் வர்றார், பாத்திருப்பீங்க. எரேமியா கழுத்துல கிடந்த நுகத்தடியை எல்லார் முன்னாடியும் புடுங்கி ஒடைச்சுப் போட்டு, ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துடும்னு அடிச்சுச் சொன்னவர். அவர் கூட்டத்துக்குத்தான் ஆள் அதிகமா வந்திருக்கும்னு நெனைக்கிறேன். மைக் இருந்திருந்தா அவர்தான் வாங்கியிருப்பார். அந்த வருஷமே ஆள் செத்துப்போனார், அது வேற. நீங்க எரேமியா புஸ்தகத்தைத் தொறந்து அனனியா பிரசங்கத்தைப் பண்ணிட்டீங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

சிரிப்புக்குச் சொல்லலை, தம்பி. மூணாவது பெஞ்சுல ஓரமா உக்காருமே, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மகன் ரெண்டு வருஷமா போனே பண்ணலைன்னு அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பளை. நீங்க "இந்த மாசக் கடைசிக்குள்ள"ன்னு சொன்னதை அது தேதி குறிச்சு வச்சிருக்கு. மாசம் முடிஞ்சா வந்து கேக்கப்போறது உங்ககிட்ட இல்லை, எங்கிட்ட. அந்த அதிகாரத்தை மேல இருந்து கீழ வரைக்கும் அப்படியே சொல்லியிருந்தா அதுக்கு ஒரு பிடிமானம் கிடைச்சிருக்கும். காத்திருக்கிறது நீளம், ஆனா காத்திருக்கிற எடத்துலயே வீடு கட்டு, தோட்டம் போடு, பழத்தைத் தின்னு, பிள்ளைங்களைக் கட்டிக்குடு, இருக்கிற ஊரு நல்லாருக்கணும்னு வேண்டிக்கோன்னு அந்தக் கடுதாசியிலயே எழுதியிருக்கே. வசனக் காலண்டர்ல போடத் தோதுப்படாதுன்னு அதை விட்டுட்டாங்க. காலண்டர்காரன் விடலாம். நீங்க விடலாமா?

வீடு கட்டறது, தோட்டம் போடறதுன்னதும் பிராண்டு துரை ஞாபகம் வருது. ஜெஸ்ஸி பிராண்டு. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்ல இருந்து வந்தவர். 1913ல எவலின் அம்மாவைக் கட்டிக்கிட்டு இந்த மலைக்குக் குடியேறுனார். ரோடு ஏது அப்போ? கொசுவும் காய்ச்சலும்தான். தூணு மேலெல்லாம் தகரத் தட்டைக் கவுத்து வச்சு, கரையான் ஏறாம மரவீடு கட்டுனார். பல்லு புடுங்குவார். நரம்புச் சிலந்திக்கு வைத்தியம் பாப்பார். தச்சு வேலை சொல்லிக்குடுப்பார். பழமரம் நட்டார். அந்த அதிகாரத்தை இங்க பிரசங்கம் பண்ணுனாரோ என்னமோ, நட்டு வச்சுக் காட்டுனார். ஊர் ஊரா நடந்து போய் வேதத்தையும் சொல்லிக்கிட்டேதான் இருந்தார். ஆனா அஞ்சாறு வருஷம் ஒருத்தர்கூட வரலை. மருந்து வாங்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான். பூசாரி குறுக்க நின்னார். இப்ப நீங்க மூணு மாசத்துல கணக்கெடுத்து மேலிடத்துக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறீங்க.

அப்புறம் 1918, 19ல விஷக்காய்ச்சல் வந்துச்சு. இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல செத்த காய்ச்சல். இங்கயும் வீட்டுல சீக்காளியைப் போட்டுட்டுச் சனம் ஓடிடுச்சு. துரையும் அம்மாவும் கஞ்சி காய்ச்சி எடுத்துட்டுக் குடிசை குடிசையாப் போனாங்க. எதுத்து நின்ன அதே பூசாரி சாகப்போற நேரத்துல, தன் பச்சப் பிள்ளையை நீங்கதான் வளக்கணும்னு அவங்க கையில ஒப்படைச்சார். ரூத்துன்னு பேர் வச்சு வளத்தாங்க. அதுக்கப்புறம்தான் சனம் உக்காந்து கேக்கவே ஆரம்பிச்சுச்சு. கஞ்சி போதும், பிரசங்கம் எதுக்குன்னு இதை வச்சுச் சிலபேரு சொல்லுவாங்க. அவங்க பாதிக் கதையைத்தான் கேட்டிருக்காங்க. அத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தது என்னன்னு அன்னிக்குத்தான் சனத்துக்கு வெளங்குச்சு. சொல்லாமயே இருந்திருந்தா வெளங்கறதுக்கு என்ன இருந்திருக்கும்?

துரை 1929ல காய்ச்சல்லயே போயிட்டார். அம்மா போகலை. வயசாயிடுச்சு, ஓய்வெடுங்கன்னு மிஷன் சொன்ன பிறகும் திரும்ப மலைக்கே வந்துட்டாங்க. நான் டவுசர் போட்ட காலத்துல பாத்திருக்கேன். ரெண்டு கையிலயும் மூங்கில் குச்சி. குதிரைமேல ஏறிட்டா பக்கத்து மலைக்கும் போயிடுவாங்க. 1974ல, 95 வயசுல போய்ச் சேந்தாங்க. துணியில சுத்தி, துரை பக்கத்துலயே மண்ணுல வச்சோம். கடைசி இருபது வருஷம் அந்தம்மா வீட்டுல முகம் பாக்கிற கண்ணாடியே வச்சுக்கலையாம். அவங்க மகன், நம்ம மலையில 1914ல பொறந்து, வேலூர்ல குஷ்டரோகிங்க மடங்குன கையை நிமித்துன டாக்டர் பால் பிராண்டு, அவரே சொல்லியிருக்கார். இதை எதுக்குச் சொல்றேன்னா, போன வாரம் பிரசங்க பீடத்துல ஏறுனதும் போன் கேமராவைத் திருப்பித் தலைமுடியை ரெண்டு தடவை ஒதுக்குனீங்க பாருங்க, அதுக்குச் சொல்லலை. சும்மா ஞாபகம் வந்துச்சு.

அந்த டாக்டர் எழுதி வச்சது இன்னொண்ணு இருக்கு. சின்னப் பையனா இருந்தப்போ இங்க மத்தப் பசங்களோட வயல்ல தவளை பிடிச்சு வெளையாடுனாராம். நம்ம ஊரு வயல் தெரியுமில்ல, படிப்படியா இறங்கும். பசங்க ஓடி மிதிச்சதுல சேறு கலங்கி, தண்ணி பழுப்பா அடுத்த படிக்கு ஓட ஆரம்பிச்சிருக்கு. ஒரு தாத்தா வந்தார். அடிக்கலை, திட்டலை. ஒரு கை சேத்தை அள்ளிக் காட்டி, இது இங்க கிடக்கற வரைக்கும் வருஷாவருஷம் சோறு போடும்; ஆத்துக்குப் போயிடுச்சுன்னா திரும்ப மேல ஏறி வராதுன்னு சொன்னாராம். பையன் சாகற வரைக்கும் மறக்கலை. எனக்கு உங்க பிரசங்கம் முழுக்க அந்த வயல்தான் கண்ணுல நின்னுச்சு. ஒரு அல்லேலூயா அந்தப் பக்கம் குதிக்குது, நீங்க அதைப் பிடிக்க ஓடறீங்க. ஒரு கைத்தட்டல் இந்தப் பக்கம். கூடை நெறைய தவளை சேந்துடுச்சு, ஒத்துக்கறேன். வசனம்தான் வாய்க்கால்ல போயிடுச்சு.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். செம்மேட்டுல டீ குடிச்சப்பவே சொன்னீங்க: "மலைசனம்ங்க, ஆழமாச் சொன்னா புரியாது, கதையாத்தான் சொல்லணும்." அன்னிக்கே பதில் சொல்லியிருப்பேன், டீக்காசு நீங்க குடுத்ததால வாயை மூடிக்கிட்டேன். இந்தச் சனம் சாமையைப் பாத்ததும் இது சடஞ்சாமை, இது கட்டவெட்டிச் சாமை, அது மல்லியசாமை, இது திரிகுலசாமைன்னு பிரிச்சுச் சொல்லும். எது எந்த மண்ணுக்கு ஆகும், எது எத்தனை மாசத்துல வரும்னு தெரியும். அதுக்குப் பரிசேயன் யாரு, சதுசேயன் யாருன்னு சொன்னாப் புரியாதா? நாலு நெலத்துல விதை விழுந்த உவமையை நீங்க எங்களுக்கு விளக்கணும்னுகூட இல்லை. நாங்க உங்களுக்கு விளக்குவோம். பெரோயா ஊரு சனம் பவுல் சொன்னதையே தெனமும் வேதத்துல தேடிப் பாத்துச் சரிதானான்னு பரிசோதிச்சாங்க. பவுலுக்குக் கோவம் வந்ததாத் தெரியலை. நம்ம பின் பெஞ்சுக் கிழவியும் வீட்டுக்குப் போனதும் பேத்தியை விட்டு அந்த அதிகாரத்தை முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டுடுச்சு. எழுபது வருஷம்னு எனக்குச் சொன்னதே அதுதான்.

வழியும் வேதத்துலயே இருக்குது. நெகேமியா எட்டாம் அதிகாரம். மரத்துல மேடை போட்டு, எஸ்றா காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வாசிக்கறார். லேவியர் சனத்துக்கு அர்த்தம் சொல்றாங்க. புரிஞ்சதும் சனம் அழுகுது. சொப்பனம் இல்லை, விமானம் இல்லை. வாசிச்சாங்க, சொன்னாங்க, அவ்வளவுதான். அதுக்காகக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும்ங்கிறதை மட்டும் பிடிச்சுக்காதீங்க. துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசுனதுல ஐத்திகுங்கிற பையன் தூங்கி, மூணாம் மாடியில இருந்து கீழ விழுந்து செத்தான். பவுலுக்கு எழுப்பத் தெரியும். உங்களால முடியும்னா நீங்களும் பேசுங்க. இல்லைன்னா முப்பத்தஞ்சு நிமிஷம்.

உங்களுக்குத் திங்கள், செவ்வாய் ஜெபக்கூட்டம், புதன் வீடு சந்திப்பு, வியாழன் கீபோர்டு, வெள்ளி உபவாசம், சனிக்கிழமை போஸ்டர் அடிக்கறது. பிரசங்கத்துக்கு ஞாயித்துக்கிழமை காலையில பல்லு விளக்குற நேரம்தான் மிஞ்சுது, பாவம். வியாழக்கிழமை கீபோர்டை என் பேரன் வாசிச்சுக்கட்டும். நீங்க அந்தப் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரே ஒரு அதிகாரத்தோட உக்காருங்க. யாராவது தேடி வந்தா, பாஸ்டர் கீழ நாமக்கல் போயிட்டார்னு நான் பொய் சொல்லிக்கறேன். அந்தப் பாவம் என் கணக்குல.

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு முழிக்காதீங்க. யோனா எடுங்க. நாலே அதிகாரம், நாலு வாரம். மீனைப் பத்தி ஒரு வாரத்துக்கு மேல பேசக்கூடாது. அது புஸ்தகத்துல வர்றதே ரெண்டு மூணு வரிதான். நாலாம் அதிகாரத்துல ஆமணக்குச் செடியைப் பூச்சி அரிச்சுப் பட்டுப்போகும். அந்த எடத்துல கொஞ்சம் நிதானமாப் போங்க, இங்க பூச்சின்னா எல்லாரும் காது குடுப்பாங்க. கடைசி வசனத்துல நினிவேயோட ஆடுமாடெல்லாம் வரும். தேவன் அதையும் நெனைச்சுப் பாத்தார்னு இருக்கு. எல்லாப் போதகரும் அதை முழுங்கிட்டு ஜெபத்துக்குப் போயிடறாங்க. நீங்க முழுங்கிடாதீங்க. நம்ம சபையில மாடில்லாத வீடு உங்க வீடு ஒண்ணுதான்.