கோடு யாருக்காக?

கே: ஒரே படத்துக்கு வருஷக்கணக்கில் குனிந்து உட்காருகிறார்களே, பைத்தியக்காரத்தனம் இல்லையா? (வேலூர்)

ப: ஒருவர் விஷயத்தில் டாக்டர்களே ஆமாம் என்றார்கள். ரிச்சர்ட் டாட் என்கிற ஆங்கில ஓவியர். 1843-ல் சித்தம் கலங்கி, பெற்ற தகப்பனையே கொன்றுவிட்டார். லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். ஏறத்தாழ 1855 முதல் 1864 வரை அங்கே ஒரு படத்தை விடாமல் வரைந்துகொண்டிருந்தார். சுவரளவு படம் என்று நினைக்காதீர்கள். உயரம் 54 செ.மீ., அகலம் 39 செ.மீ., மளிகைக் கடையில் தரும் காலண்டர் அட்டை மாதிரி. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் புல் இதழ்கள், டெய்சிப் பூக்கள், அவற்றுக்கிடையே விரல் நுனி அளவில் ஒரு தேவதைக் கூட்டம். நடுவில் ஒருவன் கோடரியை ஓங்கி நிற்கிறான். ஒரு ஹேசல் கொட்டையைப் பிளந்து தேவதை ராணிக்குப் புது ரதம் செய்யவேண்டும். கூட்டமே மூச்சைப் பிடித்துப் பார்க்கிறது. கோடரி இன்றுவரை இறங்கவில்லை.

மேல் வரிசையில் மருந்து இடிக்கிற ஒருவரும் இருக்கிறார். டாடின் அப்பா மருந்துக் கடைக்காரர். மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் அந்தப் படம் அப்பாவுக்குச் சமர்ப்பணமா? (அதே வேலூர்க்காரர்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! படத்தைத் திருப்பினால் விடை இருக்கிறது. ஹெய்டன் என்பவருக்காக வரைந்தது என்று டாடே பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவர் ஹெய்டன். டாட் வரைந்த இன்னொரு தேவதைப் படத்தைப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டவர். உலகம் கைவிட்ட ஒருவரிடம் ‘எனக்கு ஒன்று வரைந்து கொடு’ என்று கேட்பதைவிடப் பெரிய மரியாதை ஏது?

கதை அதோடு முடியவில்லை. படம் பின்னால் கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் கைக்கு வந்தது. முதல் உலகப்போரில் அவரோடு அதிகாரியாக இருந்த நண்பர் ஜூலியன் டாட், இந்த ஓவியரின் சகோதரர் வழிப் பேரன். அந்த நண்பரின் நினைவாகவும், போரில் மாண்ட அவருடைய இரண்டு சகோதரர்களின் நினைவாகவும் 1963-ல் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார் சசூன். ஒரே படத்துக்கு இரண்டு சமர்ப்பணம்.

கே: மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு படம் வரைந்து காதலிக்குக் கொடுத்தேன். “மூக்கு சரியில்லை” என்கிறாள். (கோவை)

ப: மைக்கலாஞ்சலோவே முன்ஜாமீன் வாங்கியிருக்கிறார், நீங்கள் வாங்காமல் போனீர்களே! சிஸ்டைன் தேவாலய விதானத்தை முடித்து 20 வருஷமான மேதை அவர். தொம்மாஸோ தே கவாலியேரி என்ற ரோமாபுரி இளைஞர்மேல் உயிராக இருந்தார். அவருக்கென்றே சில படங்களை இழைத்து இழைத்து வரைந்தார். அதில் ஒன்று, சூரியனின் தேரை ஓட்ட ஆசைப்பட்டு, குதிரைகள் அடங்காமல் தலைகீழாக விழுகிற ஃபேத்தனின் கதை. எட்டாததற்கு ஆசைப்பட்டவன் தான்தான் என்று கிழவர் ஜாடையாகச் சொல்கிறார் என்பவர்கள் உண்டு.

இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் தாளின் அடியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இது பிடிக்காவிட்டால் என் ஆள் உர்பினோவிடம் சொல்லியனுப்புங்கள், நாளை மாலைக்குள் வேறொன்று போட்டுவிடுகிறேன் என்று சாரம். அதே கதைக்கு மூன்று தாள்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் ஒரே மூக்கோடு மனம் உடையலாமா?

கே: ரப்பரைத் தொடக்கூடாது என்கிறார் எங்கள் டிராயிங் மாஸ்டர். நியாயமா? (தேனி, 8-ஆம் வகுப்பு)

ப: ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1484-ல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத்தானே வரைந்தபோது அவருக்கு வயது 13. வெள்ளி முனையால் போட்ட கோடுகள், போட்டால் போட்டதுதான், அழிக்க முடியாது. உன் வயசுதான் தம்பி. மாஸ்டரிடம் இந்த பதிலைக் காட்டிவிடாதே.

கே: அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவரை வரைகிறேன். முகச் சுருக்கங்களைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா? (திருச்சி)

ப: அந்த வேலைக்கு பியூட்டி பார்லர் இருக்கிறது. மேலே சொன்ன ட்யூரர், 1514 மார்ச்சில் தன் அம்மா பார்பராவை வரைந்தார். கரித்துண்டால் போட்ட படம். 63 வயசு, 18 பிள்ளை பெற்ற உடம்பு. நெற்றியில் வரிவரியாகச் சுருக்கம், ஒட்டிய கன்னம், கயிறு கயிறாகத் தெரிகிற கழுத்து, துருத்திக்கொண்டிருக்கும் காறை எலும்பு. ஒன்றையும் அவர் மன்னித்து விடவில்லை. இரண்டே மாதத்தில் அம்மா போய்விட்டார்.

தாளின் மேல் மூலையைப் பாருங்கள். இது ட்யூரரின் தாய், வயது 63 என்பது கரியில் இருக்கிறது. அதன் அடியில், எந்த நாள், இருட்டுவதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் இறந்தார் என்பது மையில் இருக்கிறது. கரி தேய்த்தால் போய்விடும், மை போகாது. சுருக்கத்தில் கை வைக்காதீர்கள், அதெல்லாம் உங்களால் வந்ததாகவும் இருக்கலாம்.

கே: படத்தில் கையெழுத்து அவசியமா? (மதுரை)

ப: செக்கில் அவசியம். மார்கழியில் விடியுமுன் வாசலை அடைத்து நூறு புள்ளிக் கோலம் போடுகிறவர் எங்கே கையெழுத்துப் போடுகிறார்?

கே: எனக்கு ஓவியம்தான் உயிர். அப்பாவோ டாக்டராகு என்று உயிரை எடுக்கிறார். (சேலம்)

ப: ஸ்பெயினில் சாண்டியாகோ ரமோன் இ கஹால் என்ற பையனுக்கும் இதே வழக்கு. அப்பா வைத்தியர், பையனோ படப் பித்து. சவரக் கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார், பித்து தெளியவில்லை. கடைசியில் இடுகாட்டுக்குக் கூட்டிப்போய், கிடைத்த எலும்புகளைக் காட்டி, ‘வரைவதென்றால் இதை வரை’ என்றார். பையன் மடங்கிவிட்டான். பின்னாளில் மைக்ராஸ்கோப்பில் பார்த்த மூளை நரம்பு செல்களைக் கிளை கிளையாக, வேர் வேராக ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளினார். 1906-ல் மருத்துவ நோபல் பரிசு. அப்பா கேட்டதும் கிடைத்தது, பிள்ளை கேட்டதும் கிடைத்தது. எலும்பு யோசனையை உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

கே: எல்லாம் வெள்ளைக்காரர்கள் கதையாகவே இருக்கிறதே? நம் ஊரில் ஆளே இல்லையா? (நாமக்கல்)

ப: நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 1919-ல் உங்கள் ஊரில் பிறந்த பி.எம். சீனிவாசன்தான் ஓவியர் சில்பி. சென்னை ஓவியப் பள்ளியில் சேரச் சொன்னவர் உங்கள் நாமக்கல் கவிஞர், அவரும் தூரிகை பிடித்தவர்தான். ‘சில்பி’ என்ற பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று வாராவாரம் கோயில் சிற்பங்களை வரைந்தார், எழுத்தாளர் தேவன் அவற்றைப் பற்றி எழுதினார். போட்டோவைப் பார்த்துப் போடுகிற வேலை இல்லை. கோயிலுக்கே போய், சிலைக்கு எதிரில் உட்கார்ந்து, அட்டிகையின் கல், ஒட்டியாணத்தின் முத்து, தூணின் யாளி ஒன்றையும் ‘இப்படி ஏதோ இருந்தது’ என்று விடாமல் கோட்டில் இறக்கியவர். வாரப் பத்திரிகைத் தாள் பொட்டலம் மடிக்கப் போகும். இவர் படமோ கத்தரிக்கப்பட்டு, கண்ணாடி போட்டு, பூஜை அறைக்குப் போன வீடுகள் உண்டு.

கே: இத்தனை நுணுக்கத்தையும் இப்போது கம்ப்யூட்டர் அரை நிமிஷத்தில் தந்துவிடுகிறதே? (சென்னை)

ப: தருகிறது. யாருக்காக வரைந்தாய் என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் டைப் அடித்த பெயரையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லும்.

கே: தோழியின் பிறந்தநாள் வருகிறது. கையில் காசில்லை, பென்சில் இருக்கிறது. என்ன வரையலாம்? (புதுச்சேரி)

ப: காசுப் பஞ்சத்தைவிட மோசமான பஞ்சத்தில் ஒரு சிறுமி வரைந்திருக்கிறாள். ஹெல்கா வைசோவா, பிராக் நகரத்து யூதப் பெண். நாஜிகள் அவள் குடும்பத்தைத் தெரேசின் முகாமில் அடைத்தார்கள். ‘கண்ணால் பார்ப்பதை வரை’ என்றார் அப்பா. பசி, வரிசை, மூட்டை முடிச்சு என்று பார்த்ததையெல்லாம் வரைந்தாள். 1943-ல் தோழிக்கு 14-ஆவது பிறந்தநாள். இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஹெல்கா மூன்று காட்சி போட்டாள். பிரசவ வார்டில் இரண்டு பச்சைக் குழந்தைகள். முகாமின் பலகைப் படுக்கையில் இரண்டு பெண்கள். இன்னும் 14 வருஷம் கழித்து பிராக் தெருவில், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு இரண்டு அம்மாக்கள்.

தோழி 15 வயசைப் பார்க்கவில்லை, ஆஷ்விட்ஸில் கொன்றுவிட்டார்கள். ஹெல்கா தப்பினார், ஓவியராகவே வாழ்ந்தார். முகாமில் வரைந்த படங்களை உறவினர் ஒருவர் சுவருக்குள் வைத்துப் பூசிக் காப்பாற்றினார். அப்பா சொல்லைத் தட்டி, கண்ணால் பார்க்காத ஒன்றையும் அந்தப் பெண் வரைந்தாளே, அந்த மூன்றாவது காட்சிதான் பரிசு. உங்கள் தோழிக்கும் அப்படி ஒன்று போடுங்கள்.

கே: என் மகள் மாதக்கணக்கில் ஒரே படத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். முடித்துக் காட்டும்போது என்ன சொல்லிப் பாராட்டுவது? (தஞ்சாவூர்)

ப: ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளுக்குப் பதில் கேமராவைப் பாராட்டியதாகிவிடும். ‘எத்தனை நாளாச்சு’ என்றும் வேண்டாம், அது கூலிக் கணக்கு. மூலையில் சின்னதாக ஒன்றைப் போட்டிருப்பாள், அதைக் கண்டுபிடித்து ‘இது யாரு?’ என்று கேளுங்கள். அப்புறம் ‘யாருக்காக வரைந்தே?’ என்று கேளுங்கள். ‘உங்களுக்குத்தான்’ என்றால் பிரேம் போடுகிற செலவு உங்களுடையது. வேறு பேர் சொன்னால், செலவு இன்னும் பெரிதாக வரப்போகிறது. சேமிக்கத் தொடங்குங்கள்.