சேதுக் கரையும் சர்க்கரையும்

கே: மகனுக்கு வயது 19. எட்டாம் வகுப்பிலிருந்து டைப் ஒன் சுகர். நண்பர்களோடு காரங்காடு போய்க் கயாக் ஓட்டப் போகிறானாம். ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டா?’ என்று கேட்டுவிட்டேன். பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.
– ஓர் அம்மா, பரமக்குடி

ப: பின்னே, பேசுவானா? 1999 ஜனவரி சேப்பாக்கம் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? 136 ரன்னில் நின்ற சச்சின், சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்க, அதைப் பிடித்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் வாசிம் அக்ரம். 12 ரன்னில் பாகிஸ்தான் ஜெயித்தது. தோற்ற ஊர் எழுந்து நின்று கைதட்ட, அவர் தன் அணியோடு மைதானத்தைச் சுற்றி வந்தார். 1997லேயே அவருக்கு டைப் ஒன் வந்தாகிவிட்டது. ‘இந்த உடம்பை’ வைத்துக்கொண்டுதான் வேகப்பந்து போட்டார்.

அனுப்புங்கள். துடுப்புப் போடும்போது தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் போடும் இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். காரங்காட்டு அலையாத்திக் காட்டில்கூட அவ்வளவு பயமில்லை, ராத்திரிதான் கண்டம். பகலெல்லாம் துடுப்புப் போட்டவனுக்கு நடுச்சாமத்தில் சுகர் இறங்கும். படுக்குமுன் ஒரு டெஸ்ட், குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நீங்கள் அந்த நேரம் பார்த்து ஒரே ஒரு போன் பண்ணுங்கள். பத்துப் போன் பண்ணினால் ஒன்பதை எடுக்க மாட்டான்.

கே: எனக்கும் டைப் ஒன்தான். வயது 24. வரன் பார்க்கிறார்கள். மண்டபம் பக்கம் படகில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க ஆசை. ‘படகுக்காரரிடம் சுகர் என்று வாய் விட்டுவிடாதே, ஊர்ப் பேச்சாகிவிடும்’ என்கிறார் அத்தை.
– வாசகி, ராமநாதபுரம்

ப: படகுக்காரர் கல்யாணத் தரகும் பார்க்கிறார் என்று அத்தைக்கு யார் சொன்னது?

சுகர் இறங்கினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். விஷயம் தெரியாதவர் இதைப் பார்த்தால் ‘பாப்பாவுக்குக் கடல் ஒத்துக்கவில்லை’ என்று படுக்கவைத்துத் துண்டால் விசிறுவார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் விசிற விசிற உங்கள் சுகர் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, கயிறு அவிழ்க்குமுன் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, எனக்குச் சுகர். பேச்சு ஒரு மாதிரிப் போச்சுன்னா இந்தப் பொடியை வாயில் போடுங்க.” குளுக்கோஸ் 15 கிராம், இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சீனி. கால் மணி நேரம் பொறுத்து மறுபடி டெஸ்ட், ஏறவில்லையென்றால் மறுபடி பொடி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கரைக்கு விரட்ட வேண்டும், 108க்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பாடம். பெரும்பாலும், “எங்க மச்சானுக்கும் இதேதாம்மா” என்று பதில் வரும்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் இதையே சொல்லுங்கள். மறைத்து நடக்கிற கல்யாணத்தில், மூன்று வேளையும் குளியலறைக்குள் போய் ஊசி போடுவது யார், அத்தையா?

கே: சிலிண்டர் மாட்டிக்கொண்டு அடியில் முங்கலாமா?
– ஒரு துணிச்சல்காரர், தொண்டி

ப: சுகர் கட்டுக்குள் இருந்து, டாக்டரும் சம்மதித்தால் முங்கலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2005இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த வழிமுறைகளின்படி, முங்குமுன் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை பார்க்க வேண்டும். 150க்குக் குறையாமல், இறங்குமுகமாக இல்லாமல் இருக்க வேண்டும். 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கூட முங்குபவருக்குச் சர்க்கரை இருக்கக் கூடாது. இருவரும் ஒன்றாக மயங்கினால் யார் யாரைத் தூக்குவது?

கே: தனுஷ்கோடி வெயிலில் இன்சுலின் என்ன ஆகும்?
– வாசகர், மதுரை

ப: அது புரதம். வெந்துபோகும். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பிரித்த பென் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோடு, ஒதுங்க மரமில்லை. நிறுத்திய காரில் பென்னை விட்டுவிட்டு அரிச்சல்முனையில் செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். நனைத்துக் காயவிடும் குளிர்பைகள் மதுரையில் நன்றாக வேலை செய்யும். இங்கே காற்றிலேயே ஈரம், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் பேக், அதன் மேல் துண்டு, துண்டுக்குள் பென் என்று வையுங்கள். மீன் கடைக்காரர் பிரியமாகத் தன் ஐஸ் பெட்டியைத் திறந்தாலும் நேராக அதில் செருக வேண்டாம். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

இன்னொன்று: பதநீர் குடித்த கையோடு விரலில் குத்தாதீர்கள். மீட்டர் விரலில் ஒட்டிய இனிப்பையும் சேர்த்து அளந்து 300 என்று பதறவைக்கும். கழுவிவிட்டுக் குத்துங்கள்.

கே: ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தமும் வெறும் வயிற்றில் ஆட வேண்டும் என்கிறார் மாமியார். கையில் சுகர் பார்க்கும் சென்சார் வேறு.
– மருமகள், திருப்பூர்

ப: வாளித் தண்ணீர் மேலிருந்து விழுகிற வேகத்தில் சென்சாரின் ஓரம் கிளம்பும். மேலே ஒரு டேப் ஒட்டுங்கள். இன்சுலின் பம்ப் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஆடுங்கள், முடிந்ததும் உடனே மாட்டுங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. சுகர் இறங்கினால் விரதம் முடிந்தது என்று அர்த்தம், சாப்பிடுங்கள். பித்ருக்கள் கோபிக்க மாட்டார்கள். அவர்களிலும் எத்தனையோ பேர் சுகரில் போனவர்கள்தான்.

கே: கருப்பட்டிக் காபிக்குச் சுகர் ஏறாதாமே?
– சாயல்குடி வாசகர்

ப: இந்தச் செய்தி சுகருக்கு இன்னும் எட்டவில்லை.

கே: ஊசியே வேண்டாம், ஒரு வேர் போதும் என்கிறார் ஒருவர். முன்பணம் கேட்கிறார்.
– வாசகர், கீழக்கரை

ப: 1922 ஜனவரியில் டொரொண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, உலகத்தில் வேருக்கா பஞ்சம்? டைப் ஒன் பிள்ளைகள்தான் பிழைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு ஸ்ட்ரிப் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் தனுஷ்கோடியில் பொரித்த மீன். மீனுக்கு ஊசிக் கணக்கு அநேகமாக வேண்டாம், பக்கத்தில் இருக்கிற சோற்றுக்குத்தான் வேண்டும்.