மாட்டுக்கு ஏது லீவு?

விடிந்த பிறகுதான் சேவல் கூவும் என்பது நகரத்தில் வளர்ந்தவர்களின் நம்பிக்கை. காலாண்டு விடுமுறைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கப்போன சென்னைக் குடும்பத் தலைவருக்கும் அது இருந்தது, முதல் நாள் இரவு மூன்றரை மணி வரை.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். நாள் முழுக்க மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்தாலும் சேவல் தன் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை நம்பிக் கூவுகிறது என்று 2013-இல் சொன்னார்கள். கூட்டத்தில் அந்தஸ்து கூடிய சேவல் முதலில் கூவும், மற்றவை சீனியாரிட்டிப்படி பின்னால் வரும் என்பது 2015-இல் தெரிந்தது. ஆகவே ஒன்று கூவி ஓய்ந்ததும் போர்வையை இழுத்துக்கொள்வதில் பயனில்லை; ஜூனியர்கள் பாக்கி இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் ‘இயற்கையோடு ஓய்வு’ என்று போட்டிருந்தார்கள். இயற்கை ஓய்வெடுக்கும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

பால் கறப்பதைப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. இருட்டோடு எழுந்து, செல்போன் டார்ச்சும் வீடியோவுமாக நால்வரும் கட்டுத்தறிக்குள் நுழைந்தார்கள். காங்கேயம் பசு அவர்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு காலை உதறிக்கொண்டு நின்றுவிட்டது. தோட்டத்துக்காரர் கன்றை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். முட்டி முட்டிக் குடித்துப் பார்த்த கன்றுக்கே பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. புது ஆளுங்களைப் பாத்தா இது சுரப்பு விடாதுங்க. கொஞ்சம் அக்கட்டால போய் நின்னுக்குங்க.”

மாட்டின் மேல் தப்பில்லை. கன்று வாய் வைத்ததும், இல்லை மடியைத் தடவியதும், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தால்தான் பால் இறங்கும். மிரண்டால் அட்ரினலின் வந்து அதை மறித்துவிடும். எனவே காசு கொடுத்து வந்த விருந்தாளிகள் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒளிந்து நிற்க, பசு நிதானமாகப் பால் கொடுத்தது. வீடியோவில் பதிவானது சோளத்தட்டு.

பையனுக்கு வேறொரு சந்தேகம். வெள்ளை மாட்டுக்கு எப்படிச் செவலைக் கன்று? பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுப் பாட்டிதான் பதில் சொன்னார்: “ஆறு மாசம் போகட்டும் கண்ணு, அதுவே நரைச்சுரும்.” காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செம்பழுப்பு, வளர வளரச் சாம்பலாகிவிடும். அப்பா தன் காதோரத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். பாலில் தாராளம் கிடையாது. பால் சொசைட்டிக்குப் போனது பக்கத்தில் நின்ற கலப்பின மாடுகளின் பால். கேனோடு மொபெட்டில் தொற்றிக்கொண்டு போன அப்பா, அங்கே பாலில் உள்ள கொழுப்பையும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளையும் (எஸ்.என்.எஃப்.) பார்த்து விலை போடுவதைக் கண்டு அசந்துபோனார். அவர் ஆபீஸில் அப்ரைசல் வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்த மாடுகளுக்கோ தினமும்.

திரும்பி வந்தபோது, இந்தப் பயணத்துக்கென்றே ஆன்லைனில் வாங்கிய வைக்கோல் தொப்பியை வெள்ளாடு பாதி தின்றிருந்தது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அது ஒரு குறையாகவே அதற்குத் தோன்றவில்லை. வைக்கோலைத் தலையில் வைத்துக்கொள்வதுதான் அதன் பார்வையில் விசித்திரம்.

கின்னிக்கோழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பு வந்தாலும் ஆள் வந்தாலும் ஊரைக் கூட்டும் என்பதற்காகவே தோட்டங்களில் அவற்றை வளர்க்கிறார்கள். இரவு யார் எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குப் போனார்கள் என்பது அக்கம்பக்கத் தோட்டங்களுக்கெல்லாம் தெரிந்துபோனது.

இத்தாலியில் இப்படித் தோட்டத்தில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு 1985-லேயே தேசியச் சட்டம் வந்துவிட்டது. தங்கவைப்பது துணைத் தொழில், விவசாயம்தான் முதன்மை என்பது அதன் சாரம். பொள்ளாச்சி மாடுகள் அதைச் சட்டமில்லாமலே கடைப்பிடிக்கின்றன. அப்படி இல்லாத இடத்துக்கும் போய்ப் பார்க்கலாம்: வாசலில் அலங்கார மாட்டுவண்டி, நீச்சல்குளம், சுத்தமாகக் குளிப்பாட்டிய ஒற்றைக் கன்று. தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான்.

நிஜத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போது ஏ.சி. உண்டா என்று கேட்பதற்கு முன், பால் எத்தனை மணிக்குக் கறப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய செருப்பு ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். திரும்பும்போது அதைக் காருக்குள் வைக்காதீர்கள்.