ஐம்பது இலைக் கூடத்தில் ஆயிரம் பேர்

நைஜீரியா ஒரு காலத்தில் ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தது. வடக்கே கானோவில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். மேற்கே கொக்கோ, கிழக்கே பாமாயில். ஒரு பயிர் படுத்தால் இன்னொன்று சோறு போட்டது. இதற்குப் ‘பொருளாதாரப் பன்முகப்படுத்தல்’ என்று பெயர் இருப்பது அந்த விவசாயிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கருத்தரங்கு நடத்தியே கெட்டிருப்பார்கள்.

1956-ல் ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. தாளிக்க உதவாத எண்ணெய். 1973 கடைசியில் அரபு நாடுகள் குழாயை இறுக்க, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் யாகுபு கோவன், “பணம் இருக்கிறது, செலவழிக்கத்தான் வழி தெரியவில்லை” என்கிற பாணியில் ஏதோ சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. அவர் சொன்னாரோ இல்லையோ, அதிகாரிகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: சிமென்ட்!

மொத்த ஆர்டர் 2 கோடி டன். அதில் 1 கோடியே 60 லட்சம் டன்னைக் கேட்டது பாதுகாப்பு அமைச்சகம். லாகோஸ் துறைமுகத்தால் வருஷத்துக்கு இறக்க முடிந்த சிமென்ட்டோ சுமார் 10 லட்சம் டன். ஐம்பது இலை போடும் கூடத்துக்கு ஆயிரம் பேரை ஒரே பந்திக்கு அழைத்த கதை. எல்லோரும் வந்தார்கள். 1975-ல் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றன. பாதிக்கு மேல் சிமென்ட்.

காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரர்களுக்கு டெமரேஜ் உண்டு. சாப்பிடாமல் வாசலில் நிற்கும் விருந்தாளிக்குத் தினப்படி! சும்மா நிற்பதே நல்ல தொழில் என்று புரிந்ததும், உடைக்கப் போகவேண்டிய பழைய கப்பல்களும் மூச்சு வாங்கியபடி வரிசையில் சேர்ந்துகொண்டன. கடல் ஈரத்தில் மூட்டைகள் இறுகின. ராணுவக் குடியிருப்புக்கு வந்த சிமென்ட், கப்பலுக்குள்ளேயே தளம் போட்டுக்கொண்டது.

அந்த ஜூலையில் கோவன் மாநாட்டுக்காகக் கம்பாலா போயிருந்தார். திரும்புவதற்குள் நாற்காலியில் முர்தலா முகம்மது. புது அரசு ஆர்டர்களை ரத்து செய்ய, மத்திய வங்கி, விற்பவருக்குப் பணம் தருவதாக உறுதி சொன்ன எல்.சி. கடிதங்களுக்கான பணத்தை நிறுத்தியது. சிமென்ட்காரர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். “நாங்கள் அரசாங்கம், எங்கள்மேல் வழக்கு செல்லாது” என்றது வங்கி. அதெல்லாம் நடக்காது என்று 1977-ல் டென்னிங் பிரபு அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறக்குமதியான சிமென்ட்டில் சர்வதேசச் சட்டத்துக்கு ஒரு தூண் எழும்பியது.

இதற்கிடையே கானோ கோபுரங்கள் கரைந்துபோயின. வறட்சி பாதி, பயிர்நோய் பாதி. குடியானவனுக்கு அரைவிலை கொடுத்தே பழகிய கொள்முதல் வாரியங்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன. இளைஞர்கள் லாகோஸுக்குப் பஸ் ஏறினார்கள். 1976-ல் அரசு ‘நாட்டுக்குச் சோறிடுவோம்’ என்று இயக்கம் தொடங்கி, மக்களுக்கு மண்வெட்டியை அறிமுகப்படுத்தியது.

கோவன்? இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, அரசியல் அறிவியல் படித்து, முனைவர் பட்டமும் வாங்கினார். எண்ணெய்ப் பணத்தை விட்டு வேறு தொழிலுக்கு உருப்படியாக மாறியவர், அந்த ஆட்சியில் அவர் ஒருவர்தான்.